வீட்டுத் தையலுக்கு நேரம் குறிக்கிறது எப்பிடி? இரவு 9 மணிக்கும் படலையில ஆள்

பரந்தன்_தையல்

வணக்கம். வீட்டில வைச்சு சாறிச் சட்டை, பள்ளிக்கூடச் சீருடை, சின்னப்பிள்ளையளின்ர உடுப்பு தைக்கிறன். மோட்டர் பூட்டின மெசின் ஒண்டு, ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெசின் ஒண்டு, ரெண்டும் முன் விறாந்தையில. விடிய 6 மணிக்கும் ஆள் வருது, இரவு 9 மணிக்கும் படலையில நிண்டு கூப்பிடுகினம். பாதிப்பேர் சொந்தம், மிச்சப்பேர் அயல். "நாளைக்கு வேணும்" எண்டு பையை நீட்டினால் மறுத்துச் சொல்ல வாய் வருகுதில்லை. வட்ஸ்அப்பில சாமத்திலயும் படம் அனுப்பி "இந்தக் கழுத்து வைப்பியளோ" எண்டு கேள்வி. பிள்ளையளுக்குப் படிப்புச் சொல்லிக் குடுக்க நேரமில்லை.

ஆடி பிறக்கப் போகுது, ஆவணிக் கலியாண ஓடர் இப்பவே வரத் தொடங்கீட்டுது. நேரத்தை எப்பிடிப் பிரிக்கிறது? ஆக்கள் கோவிக்காமல் எப்பிடிச் சொல்லுறது? கடை மாதிரி படலையில போர்ட் போட்டால் சரி வருமோ?

விசுவமடு_கத்தரிக்கோல்

போர்ட் பிறகு போடலாம் தங்கச்சி. முதல்ல உங்கட கை ஒரு கிழமைக்கு எவ்வளவு தைக்கும் எண்ட கணக்கு வேணும். அது தெரியாமல் திகதி குடுக்கிறதாலதான் இரவு வேலை வருது. ஆள் 9 மணிக்கு வாறதுக்கும் அதுதான் காரணம்: சொன்ன நாளில குடுபடாத சட்டையைத் தேடித்தான் பாதிப்பேர் வருகினம்.

ஒரு கிழமை முழுக்க ஒவ்வொரு உருப்படிக்கும் வெட்டத் தொடங்கின நேரம், கொக்கி வைச்சு ஸ்திரிக்கை போட்டு முடிச்ச நேரம் ரெண்டையும் கொப்பியில எழுதுங்கோ. வீட்டில தனியத் தைக்கிற ஆளுக்கு லைனிங் (உள்துணி) இல்லாத சட்டை 2 மணித்தியாலம், லைனிங் வைச்சது 3 மணித்தியாலம் பிடிக்கும் எண்டு வைச்சுத் தொடங்கலாம். உங்கட கணக்கு வந்தாப்பிறகு அதைப் போடுங்கோ.

இனி நாள். பள்ளிக்கூடம் 7.30 இல இருந்து 1.30 வரை. அப்ப 8 இல இருந்து 12 வரை படலை பூட்டு, வெட்டும் மெசினும் மட்டும். தையல் பிழைச்சால் பிரிக்கலாம், வெட்டு பிழைச்சால் துணி போச்சு. கதைச்சுக்கொண்டு வெட்டுறதை அடியோட விடுங்கோ. 12 இல இருந்து 3 வரை சமையல், பிள்ளையள், படுக்கை. சித்திரையில இருந்து ஆவணி வரைக்கும் எங்கட பக்கம் அந்த நேரத்துத் தகரச் சூட்டில கை வேர்த்து ஒழுகும். பட்டிலயும் சற்றினிலயும் வேர்வை பட்டால் கறை விழும், கழுவியும் லேசில போகாது. 3 இல இருந்து 5.30 வரை படலை திறப்பு: அளவெடுப்பு, போட்டுப் பாக்கிறது, குடுக்கிறது. ஆள் இல்லாத இடைவெளியில கொக்கி, கைமடிப்பு, சாறிக்கு போல் (கீழ்க் கரைக்கு உள்பக்கம் வைக்கிற பட்டி) பிடிக்கிறது. கைவேலையை எந்த இடத்திலயும் வைச்சிட்டு எழும்பலாம் எண்டபடியால் அதுதான் அந்த நேரத்துக்குப் பொருத்தம். இரவில மெசின் வேண்டாம். முக்கியமா கறுப்பு, கடும் நீலத் துணியை பல்ப் வெளிச்சத்தில தைச்சால் விடிய எழும்பிப் பிரிக்க வேண்டிவரும்.

காலமை 4, பின்னேரம் கைவேலையா 1, எல்லாமா நாளுக்கு 5 மணித்தியாலம். ஞாயிறு தவிர்த்து 6 நாளுக்கு 30. அதில 6 ஐ கரண்ட் போறதுக்கும் "கொஞ்சம் இறுக்குதக்கா" எண்டு திரும்பி வாற திருத்தத்துக்கும் ஒதுக்குங்கோ. மிச்சம் 24. அதாவது லைனிங் சட்டை 6, சாதாரணச் சட்டை 3. பத்தாவது சட்டைக்கு அடுத்த கிழமைத் திகதி, அது தாய் மாமியின்ர சட்டையாய் இருந்தாலும்.

கொப்பியில கிழமைக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு ஓடருக்கும் பக்கத்தில மணித்தியாலத்தை எழுதிக் கூட்டுங்கோ, 24 வந்தால் கீழ கோடு. ஆள் முன்னால நிக்கேக்க அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கோ. "ஏலாது" எண்டு சொல்லுறதை விட நிரம்பின பக்கத்தைக் காட்டுறது லேசு, அவையளும் கெதியா விளங்கிக்கொள்ளுவினம்.

"நாளைக்கு" எண்டு கேக்கிறவைக்குச் சொல்ல உண்மையான காரணம் ஒண்டும் இருக்கு. பருத்தி லைனிங்கை வெட்ட முதல் தண்ணியில ஊறப்போட்டுக் காயவைக்க வேணும். இல்லாட்டி முதல் தோய்ப்பிலயே லைனிங் சுருங்கி மேல்துணி சுருக்கு விழும். வெயிலுக்கு அரை நாள், கார்த்திகை மார்கழி மழைக்கு ரெண்டு நாள். லைனிங் சட்டை நாளைக்குக் குடுத்தால் பெரும்பாலும் ஊறப்போடாமல் தைச்சது எண்டுதான் அர்த்தம். இதைச் சொன்னால் ஆரும் கோவிக்க மாட்டினம்.

அவசரத்துக்கு 24 இல 3 மணித்தியாலத்தைப் புதன்கிழமை வரை வெறுமையா விடுங்கோ. வந்தால் ஒண்டரை மடங்கு கூலி, வராட்டி வரிசையில நிக்கிற அடுத்த சட்டைக்கு. செத்தவீட்டுக்கு வெள்ளைச் சட்டை கேட்டு வந்தால் மட்டும் நேரமும் பாக்க வேண்டாம், கூலியும் கூட்ட வேண்டாம். அது ஊர் முறை.

மாங்குளம்_சந்தி

மேல சொன்னதில ஒண்டை மாத்த வேணும். காலமை படலையை ஒரேயடியா பூட்டினால் தூரத்து ஆக்களை இழப்பியள். உள்ளுக்கு இருக்கிற கிராமங்களில இருந்து ஆஸ்பத்திரி, கச்சேரி (மாவட்டச் செயலகம்), வங்கி அலுவலுக்கு வாறவை காலமை பஸ்ஸில வந்து மத்தியானத்துக்குள்ள திரும்பீடுவினம். பின்னேரம் 3 மணிக்கு அவையளுக்குப் பஸ் கிடையாது. ரீச்சர்மாரும் கந்தோர் ஆக்களும் சனிக்கிழமைதான் வசதி. சனி காலமை 9 இல இருந்து 12 வரை படலையைத் திறந்து விடுங்கோ. தூரத்து ஆள் எண்டால் அளவுச் சட்டை ஒண்டைக் கொண்டுவரச் சொல்லுங்கோ, அளவெடுக்கிற நேரம் பாதியாகும், போட்டுப் பாக்கிறதுக்கு இன்னொரு பயணமும் மிச்சம்.

விசுவமடு_கத்தரிக்கோல்

சரியான கதை. ஆனால் சனி காலமை 3 மணித்தியாலம் போனால் 24 ஐ 21 எண்டு மாத்துங்கோ, ஒரு லைனிங் சட்டை குறையும். நேரத்தைக் குறைச்சுப்போட்டு ஓடரைக் குறைக்காட்டி திரும்ப இரவுக்குத்தான் வந்து நிப்பியள்.

வட்டக்கச்சி_நூல்

போன் பக்கத்தை நான் சொல்லுறன். தையலுக்கு வேற சிம் எடுத்து அதில வட்ஸ்அப் பிஸ்னஸ் போடுங்கோ, அந்த அப்புக்குக் காசு இல்லை. அமைப்புக்குள்ள வேலை நேரத்தை நிரப்பலாம். வேலை நேரத்துக்கு வெளிய ஆரும் எழுதினால் தானாப் போற மறுமொழியும் வைக்கலாம். ஒரு விசயம் கவனம்: உங்கட போனில டேற்றா நிண்டால்தான் அந்த மறுமொழி போகும். இரவில டேற்றாவை நிப்பாட்டினால் ஒண்டும் போகாது, விடிய எல்லாம் ஒண்டா வந்து விழும். டேற்றாவை விட்டுட்டுச் சத்தத்தை மட்டும் நிப்பாட்டுங்கோ.

மறுமொழியை நீட்ட வேண்டாம். உதாரணத்துக்கு:

"வணக்கம். அளவெடுக்கிறதும் உடுப்புக் குடுக்கிறதும் திங்கள் முதல் வெள்ளி பின்னேரம் 3 - 5.30, சனி காலமை 9 - 12. மெசேச்சுக்கு அடுத்த திறப்பு நேரத்தில பதில் போடுறன். கழுத்து மாதிரிப் படத்தை இதிலயே அனுப்பி விடுங்கோ."

கடைசி வரி கட்டாயம் வேணும். படத்தை அனுப்பி விட்டால் அவையளுக்கு அலுவல் முடிஞ்ச மாதிரி, திரும்பத் திரும்பக் கேக்க மாட்டினம். லேபிளும் பாவியுங்கோ: "அளவு எடுத்தது", "வெட்டினது", "ரெடி". "என்ர சட்டை எங்க நிக்குது" எண்ட கேள்விக்குத் துணிப் பையைக் கிண்டாமல் போனைப் பாத்துச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை ஸ்ரேற்றசில "வாற கிழமை நிரம்பீட்டுது, அடுத்த இடம் இன்ன திகதியில" எண்டு போடுங்கோ.

இதெல்லாம் செய்துபோட்டு சாமத்தில ஒருத்தருக்குக் கையால பதில் போட்டியளோ, அவ அடுத்த முறையும் சாமத்திலதான் எழுதுவா.

நெடுங்கேணி_1

மெசினை விறாந்தையில இருந்து எடுங்கோ. இரவு 9 மணிக்கு மெசின் சத்தமும் வெளிச்சமும் ஒழுங்கைக்குக் கேட்டால், தெரிஞ்சால், "வேலைதானே நடக்குது" எண்டு கூப்பிடத்தான் செய்வினம். பின் அறைக்கு மாத்தி, விறாந்தையில ஒரு மேசை, ரெண்டு கதிரை, அளவெடுக்க ஒரு திரை. மற்றவையின்ர சாறியள் விறாந்தையில கிடக்காமல் இருக்கிறது எப்பவும் நல்லது. ஒவ்வொரு பைக்கும் நம்பர் போட்ட துண்டைக் குத்தி, அதே நம்பரைக் கொப்பியிலயும் எழுதுங்கோ. வாங்கின துணி எத்தனை, லைனிங் ஆர் தந்தது, போட்டுப் பாக்கிற நாள், குடுக்கிற நாள், அட்வான்ஸ், மிச்சம் எல்லாம் துண்டில இருக்க வேணும். அட்வான்ஸ் பாதி. அது கைக்கு வந்தாப்பிறகுதான் அந்தப் பக்கத்தில பெயர்.

வீட்டு ஆக்களோடயும் கதையுங்கோ. நீங்கள் குளிக்கப் போன நேரம் மாமியோ அவரோ பையை வாங்கி "வெள்ளிக்குக் குடுக்கலாம்" எண்டு சொன்னால் உங்கட கொப்பி அண்டைக்கே பிழைச்சுப் போகும். பையை வாங்கட்டும், திகதி சொல்ல வேண்டாம். "அவ 3 மணிக்குக் கோல் எடுப்பா" எண்டு மட்டும் சொன்னால் காணும்.

ஒட்டுசுட்டான்_பலகாரம்

இது தையல் இல்லை, ஆனால் வீட்டில சாப்பாடு செய்து குடுக்கிறவையும் இதைப் பாப்பினம் எண்டதால எழுதுறன். எங்கட நேரத்தை உழுந்துதான் வைக்குது. ஊற 4 மணித்தியாலம், அரைச்சு வைச்சால் புளிக்க இரவு முழுக்க. விடிய 5.30 க்குக் கடைக்குத் தோசை போக வேணும் எண்டால் மத்தியானம் 2 மணிக்கு உழுந்து தண்ணிக்குள்ள. அப்ப ஓடர் பூட்டுறது 1.30. அதுக்குப் பிறகு கேட்டால் மாவைத் தண்ணியாக்க வேணும், மற்றவையின்ர தோசையும் கெட்டுப்போகும். மாலை ஓடர் எடுக்காதேங்கோ, விடிய 3 மணிக்கு எழும்புற ஆள் இரவு 8 மணிக்குப் படுத்தால்தான் அடுத்த நாள் அடுப்படியில நிக்கலாம்.

பரந்தன்_தையல்

எல்லாருக்கும் நன்றி. இண்டைக்குக் கொப்பி தொடங்கீட்டன். ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஏற்கெனவே திகதி சொல்லி வாங்கின சட்டையள் கிடக்கு, அதுகளை என்ன செய்யிறது?

விசுவமடு_கத்தரிக்கோல்

சொன்ன திகதியை மாத்தாதேங்கோ. எல்லாத்தையும் முதல் கொப்பியில ஏத்துங்கோ, எந்தக் கிழமை 21 ஐத் தாண்டுதோ அந்தக் கிழமைக்குப் புது ஓடர் இல்லை. தாண்டினதில கொக்கியையும் ஸ்திரிக்கையையும் வேற ஆளிட்டக் குடுத்துச் சமாளிக்கலாம், வெட்டை மட்டும் குடுக்காதேங்கோ.

புது நேரத்தை ஆடி முதல் நாளில தொடங்குங்கோ. ஆடியில கலியாணம் இல்லை, ஓடர் குறைவு, ஆக்கள் பழகிறதுக்கு ஒரு மாதம் கிடைக்கும். இப்ப இருந்தே துணி குடுக்க வாற ஒவ்வொருத்தருக்கும் துண்டில புது நேரத்தை எழுதிக் குடுங்கோ. அந்த மாதத்திலயே மெசினைத் திறந்து துணியை இழுக்கிற பல்லுக்குக் கீழ அடைஞ்ச பஞ்சை எடுத்து எண்ணெய் விட்டு, பெல்ட்டையும் பாருங்கோ, ஆவணியில நிண்டால் திருத்த ஆள் பிடிக்கேலாது. தீவாளிக்கு ஓடர் பூட்டுற நாள் மூண்டு கிழமைக்கு முன்னம். சீருடை அளவு புது வருசம் தொடங்க ஒரு மாதத்துக்கு முதல் எடுக்கலாம், பிள்ளையள் வளரும் எண்டதால மடிப்பில 2 அங்குலம் விட்டுத் தையுங்கோ. வட்டாப்பளை அம்மன் பொங்கலுக்கும் மடு மாதா திருவிழாவுக்கும் முந்தின கிழமையளில புது ஓடருக்குத் திகதி குடுக்க வேண்டாம். அந்தக் கிழமையளில திருத்தம்தான் கூட வரும், அந்த 6 மணித்தியாலம் காணாது, 10 ஆக வையுங்கோ.