டேவ் பிராட்டின் 2014 பிரசாரம்: அருகிலிருந்து பார்த்தவர்கள் பகிருங்கள்

தென்காசிக்காரர், ஹென்ரைக்கோ

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கான வர்ஜீனியாவின் ஏழாவது தொகுதியில் 2014-இல் குடியிருந்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அந்த ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி நடந்த, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் எரிக் கேண்டரை டேவ் பிராட் தோற்கடித்தார். பிராட், ஆஷ்லண்டில் உள்ள ராண்டால்ஃப்-மேக்கன் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர். அதுவரை எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்படாதவர். பெரும்பான்மைக் கட்சித் தலைவர் என்ற பதவி 1899-இல் உருவானதிலிருந்து, அதில் இருந்த ஒருவர் உட்கட்சித் தேர்தலிலேயே வீழ்ந்தது அதுதான் முதல் முறை. அந்தப் பிரசாரத்தை ஏதோ ஒரு வகையில் நேரில் பார்த்தவர்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நானே தொடங்குகிறேன்.

நான் கணக்காளன். கடன் என்றால் என்ன என்று தொழிலாலும் தெரியும், தென்காசியில் என் தந்தை பட்ட பாட்டாலும் தெரியும். அப்போது அமெரிக்க அரசின் கடன் 17 லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருந்தது. நான் வாக்களித்து வந்த கட்சியே அதைப் பற்றிப் பேச்சோடு நிறுத்திக்கொண்டது எனக்குப் பெரிய வருத்தம். 2014 ஜனவரியில் நண்பர் ஒருவர் ஒரு வீட்டுக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். வரவேற்பறையில் நான் உட்பட பதினான்கு பேர். பிராட் நின்றுகொண்டே பேசினார். வர்ஜீனியா குடியரசுக் கட்சியின் ஆறு கொள்கைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, நம் தலைவர்கள் எந்த இடத்தில் அவற்றை விட்டு விலகினார்கள் என்று விளக்கினார். வகுப்பறைப் பழக்கம் போகவில்லை. வேகமாகப் பேசினார், ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொன்னார். பிரின்ஸ்டனில் இறையியல் படித்தவர் ஆதலால் சந்தைப் பொருளாதாரமும் வேதாகமமும் ஒரே மூச்சில் வந்தன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பதவியில் இருக்க மாட்டேன் என்றும் உறுதி கூறினார். அரசியல்வாதி ஒருவர் தன் கொள்கையை இவ்வளவு நேரம் ஒதுக்கி எனக்கு விளக்கியது அதுவரை நடந்ததே இல்லை. அன்றே கையெழுத்து சேகரிக்க ஒப்புக்கொண்டேன்.

வாக்குச்சீட்டில் பெயர் வர வேண்டுமென்றால் தொகுதி வாக்காளர்கள் 1,000 பேரின் கையெழுத்து வேண்டும். கேட்பதற்கு எளிது. ஹென்ரைக்கோ மாவட்டம் அப்போது இரண்டு தொகுதிகளாகப் பிரிந்து கிடந்தது. கிழக்குப் பகுதியில் வசிப்பவர் ஆர்வத்தோடு கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. ஆகவே பெயரைக் கேட்பதற்கு முன் தெருவைக் கேட்க வேண்டும். நிரப்பிய ஒவ்வொரு தாளிலும், கையெழுத்துகளை நானே நேரில் வாங்கினேன் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழி அளிக்க வேண்டும். அந்த ஜனவரிக் குளிரில் நூலக வாசலில் நின்றபோது பேனா மை உறைந்துவிடும். இரண்டு பேனாக்களைச் சட்டைப் பையில் மார்போடு ஒட்டி வைத்திருப்பேன். ஒன்று எழுத மறுத்ததும் மற்றதை எடுத்துக் கொடுப்பேன். பாதிக் கையெழுத்தில் மை நின்றுபோய், "பரவாயில்லை, காத்திருக்கிறேன்" என்று கையுறையைக் கழற்றிப் பேனாவை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்துச் சூடாக்கிய ஒரு மூதாட்டியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பணத்தைப் பார்த்தால் போட்டியே இல்லை. பிராட்டின் பிரசாரம் திரட்டியது சுமார் 2 லட்சம் டாலர். கேண்டர் தரப்பு செலவழித்தது 50 லட்சத்துக்கும் மேல்; அதில் இறைச்சி உணவகங்களுக்கு மட்டுமே 1,68,000 டாலர் என்று பின்னர் பத்திரிகைகள் எழுதின. எங்கள் பிரசார மேலாளருக்கு வயது 23. கேண்டரின் சொந்தக் கருத்துக்கணிப்பு அவர் 34 புள்ளிகள் முன்னிலையில் இருப்பதாகச் சொன்னது. தேர்தல் அன்று இரவு எட்டு மணி கடந்த சிறிது நேரத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. பிராட்டுக்கு 55.5 விழுக்காடு, கேண்டருக்கு 44.5. ஏறத்தாழ 7,200 வாக்கு வித்தியாசம். நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

வரிசையில் நிற்பவன், கிளென் ஆலன்

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். உங்கள் கண்ணீரை மதிக்கிறேன். அதே இரவில் எங்கள் வீட்டில் வேறு மாதிரி இருந்தது.

அப்போது நான் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்தேன். கிரீன் கார்டுக்காக என் விண்ணப்பம் பதிவானது 2010-இல். அந்த ஜூன் மாதம் வேலைவாய்ப்புக்கான இரண்டாம் பிரிவில் இந்தியர்களுக்கான தேதி 2004 நவம்பரில் நின்றுகொண்டிருந்தது; அதற்கு முன் பதிந்தவர்களுக்குத்தான் கார்டு. ஒவ்வொரு மாதமும் அந்த அறிவிப்பைத் திறந்து பார்ப்பது, ஊரில் மழைக்காக வானத்தைப் பார்ப்பதைப் போல எங்களுக்குப் பழகிவிட்டது. முந்தைய ஆண்டு செனட்டில் 68-க்கு 32 என்று நிறைவேறிய குடியேற்ற மசோதா, வேலைவாய்ப்புப் பிரிவில் ஒவ்வொரு நாட்டினருக்கும் ஆண்டுக்கு இத்தனை கார்டுதான் என்ற உச்சவரம்பை நீக்கியிருக்கும். பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளுமா என்பதில்தான் எங்கள் வாழ்க்கை தொங்கியது. பிராட்டின் பிரசாரத்தில் மிக உரக்க ஒலித்தது, சட்டவிரோதமாக வந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு கூடாது என்ற முழக்கம். கேண்டரை அவர் அந்த இடத்தில்தான் விடாமல் அடித்தார்.

மே மாத மாலை ஒன்றில் அவருடைய தொண்டர் ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார். அறுபது வயது இருக்கும். கையில் வாக்காளர் பட்டியல். அதில் எங்கள் முகவரிக்கு நேரே, எங்களுக்கு முன்பு அந்த வீட்டில் குடியிருந்தவரின் பெயர். "அவர் போய்விட்டார், எங்களுக்கு வாக்கு இல்லை" என்றேன். அதோடு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம். வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளைப் பார்த்தவர், வாசற்படியில் நின்றபடியே குனிந்து தன் காலணிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். உள்ளே அழைக்காமல் இருக்க முடியவில்லை. என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். பத்து நிமிடம் பேசினோம். எத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்கிறோம் என்று சொன்னதும் நம்பவே இல்லை, மறுபடி கேட்டார். "நேர்வழியில் வந்தவர்களை இப்படி நிறுத்தி வைத்திருப்பது எனக்குத் தெரியாது" என்றார். போகும்போது துண்டறிக்கையை எடுத்து நீட்டியவர், ஒரு கணம் யோசித்துவிட்டு அதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கேண்டர் தோற்ற இருபதாம் நாள், ஜூன் 30 அன்று, அந்த ஆண்டு குடியேற்ற மசோதா பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வராது என்று சபாநாயகர் தம்மிடம் தெரிவித்ததாக அதிபர் ஒபாமா அறிவித்தார். அதற்கு ஒரு தேர்தல் மட்டும் காரணமில்லை என்பது எனக்கும் தெரியும். சபையில் ஏற்கெனவே தயக்கம் இருந்தது. ஆனால் அந்தத் தயக்கத்துக்குப் பூட்டுப் போட்டது நம் தொகுதி. உங்கள் பேனா எனக்கு எதிராக எழுதியது என்று சொல்ல மாட்டேன், ஐயா. அது எழுதியதன் விளைவு என் வீட்டுக்குள் வந்தது என்பதைத்தான் சொல்கிறேன். என் மனைவிக்கு வேலை அனுமதி கிடைத்ததுகூட 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த அரசாணை விதி ஒன்றால்தான். எந்தச் சட்டமன்றமும் எங்களுக்காகக் கை தூக்கவில்லை.

முன்னாள் மாணவி, ஆஷ்லண்ட்

ஆஷ்லண்டைப் பார்த்திராதவர்களுக்கு: ஊரின் நடுவே ரயில் தண்டவாளம் போகிறது. இரு பக்கமும் வீடுகள், கடைகள், எங்கள் கல்லூரி. ரயில் வரும்போது பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள், கடந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். வந்த புதிதில் எனக்கு வியப்பாக இருந்தது. பிறகு நானும் அப்படித்தான்.

ஜூனில் நான் ஊரில் இல்லை. செப்டம்பரில் திரும்பியபோது தொலைக்காட்சி வண்டிகள் நின்றன. காரணம், ஜனநாயகக் கட்சி நிறுத்திய ஜாக் டிராமலும் எங்கள் கல்லூரி ஆசிரியர்தான். சுமார் 1,300 மாணவர்கள் படிக்கும் ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டார்கள். ஒருவரிடம் படித்தவள் மற்றவருக்காகச் சுவரொட்டி ஒட்டினாள். என் அறைத்தோழியும் நானும் எதிரெதிர்ப் பக்கம். சாப்பாட்டு மேசையில் மட்டும் பேசக்கூடாது என்று ஒப்பந்தம். அக்டோபர் இறுதியில் கல்லூரியிலேயே விவாதம் நடந்தது. இருவரும் ஒருவரையொருவர் இழிவுபடுத்தாமல் பேசினார்கள். மறுநாளும் இதே வளாகத்தில் முகம் பார்க்க வேண்டியவர்கள் அல்லவா! நவம்பரில் பிராட் எளிதாக வென்றார்.

ஷார்ட் பம்ப் வாசி

நான் கேண்டருக்கு வாக்களித்தவன். 2014-இல்தான் குடியுரிமை பெற்றேன். அதுவே என் முதல் வாக்கு. வர்ஜீனியாவில் வாக்காளராகப் பதியும்போது கட்சியைக் குறிப்பிடும் வழக்கம் இல்லை. உட்கட்சித் தேர்தலிலும் யார் வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். வாசலிலிருந்து 40 அடிக்கு அப்பால் இரு தரப்பினரும் நின்றார்கள்: கேண்டர் பக்கம் அச்சடித்த பதாகைகள், பிராட் பக்கம் கையால் எழுதிய அட்டையுடன் ஒரு பெண்மணி. அன்று உள்ளே நம் பெயரையும் முகவரியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அலுவலர் அதைத் திருப்பி உரக்கச் சொன்னார். என் பெயரோடு சேர்ந்திருக்கும் அப்பாவின் பெயரை அந்த அம்மையார் மூன்று முறை முயன்று, கடைசியில் சரியாகச் சொல்லிவிட்டார். அப்பா இறந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. அந்த அறையில் அவர் பெயர் ஒலித்தது எனக்குப் போதும்.

கேண்டருக்கு ஏன் போட்டேன் என்றால், சபையில் இரண்டாம் இடத்தில் இருப்பவரைத் தூக்கியெறிவது தொகுதிக்கு நல்லதல்ல என்று நினைத்தேன். அதோடு, அன்று நாடாளுமன்றத்தில் குடியரசுக் கட்சியின் ஒரே யூத உறுப்பினர் அவர். சிறுபான்மையினர் ஒருவர் அந்த உயரத்துக்குப் போனதைச் சிறிதாக எண்ண என்னால் முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். தேர்தல் நாள் காலையில் அவர் வாஷிங்டனில் ஒரு கூட்டத்தில் இருந்தார் என்று பிறகு செய்தி வந்தது. நான் அப்பா பெயரைச் சொல்லிவிட்டு வாக்களித்த நேரத்தில் அவர் ஊரிலேயே இல்லை. அது எனக்கு உறைத்தது.

மிட்லோதியன் அம்மா

இந்தக் கதையின் அடுத்த பாகத்தில் நான் இருந்தேன். 2016 தேர்தலுக்கு முன் நீதிமன்ற உத்தரவால் தொகுதி எல்லைகள் மாறின. பிராட்டுக்கு அரணாக இருந்த ஹனோவர் மாவட்டம் வெளியே போயிற்று. பவ்ஹட்டன், அமீலியா, நாட்டவே உள்ளே வந்தன. 2017 ஜனவரியில், ‘ஒபாமாகேர்’ எனப்படும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்கும் பேச்சு எழுந்ததிலிருந்து எங்கே போனாலும் பெண்கள் தம்மை விடுவதில்லை என்ற பொருளில் அவர் பேசியது பதிவாகி வெளிவந்தது. என் மகனுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு. முன்பே இருக்கும் நோய்க்குக் காப்பீடு மறுக்கக்கூடாது என்ற விதி எங்களுக்கு அரசியல் அல்ல, மூச்சு. அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி என்று அன்று தீர்மானித்தேன்.

2018-இல் பிராட்டை எதிர்த்து ஜனநாயகக் கட்சி சார்பில் நின்ற ஆபிகெயில் ஸ்பான்பெர்கருக்காகக் கதவு கதவாகப் போனேன். அவர் உளவுத்துறையில் பணியாற்றிவிட்டு முதன்முறையாகத் தேர்தலுக்கு வந்தவர். ஒரு வீட்டில் கதவைத் திறந்த பெரியவர், "நான்கு ஆண்டுக்கு முன் இதே போலத்தான் பிராட்டின் ஆட்கள் வந்தார்கள், உள்ளே வா" என்றார். அவர் கொட்டகையில் பழைய பிராட் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. யாருக்கு வாக்களித்தார் என்று நான் கேட்கவில்லை. ஏறத்தாழ 6,800 வாக்குகளில் ஸ்பான்பெர்கர் வென்றார்.

தென்காசிக்காரர், ஹென்ரைக்கோ

எல்லோருக்கும் நன்றி. அம்மா, உங்கள் மகன் நலமாக இருக்க வேண்டும். 2018-இலும் நான் பிராட்டுக்குத்தான் வாக்களித்தேன்; ஆனால் கதவு தட்டப் போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன். உண்மையில் மனம் முன்போல எழவில்லை. கடன் அதற்குள் 21 லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. 2017-இன் வரிக்குறைப்புச் சட்டத்துக்கு அவரும் வாக்களித்திருந்தார். அதை எதிர்த்து நான் ஒரு சொல் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. அந்தக் குறை என்னுடையது.

வரிசையில் நிற்பவரே, உங்கள் வீட்டுக்கு வந்த தொண்டர் நானில்லை. என்றாலும் அந்தப் பட்டியலோடு நானும் எத்தனையோ வீடுகளுக்குப் போனேன். "வாக்கு இல்லை" என்று சொன்ன வீடுகளில் நின்று பேசியதே கிடையாது. தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீடு. அவற்றில் நம்மவர் வீடுகளும் இருந்தன. இப்போது கேட்கிறேன், உங்களுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதா?

வரிசையில் நிற்பவன், கிளென் ஆலன்

2021 ஆகஸ்டில் வந்தது, ஐயா. 2026-இல் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பேன். இடையில் எல்லைகள் மறுபடி மாறி எங்கள் தெரு முதலாவது தொகுதிக்குப் போனது. வீடு அதே வீடுதான். பட்டியலில் இந்த முகவரிக்கு நேரே இனி எங்கள் பெயர் வரும்.