கிளான்ஸாவுக்கு ஒயில் கெட்ச் கேன்: எந்த ஹோஸில பூட்டுறது?

கல்லடி_டேர்போ:
வணக்கம். கார் டொயோட்டா ஸ்டார்லட் கிளான்ஸா, 4ஈ-எஃப்டிஈ எஞ்சின், டேர்போ ஸ்டொக். இன்டர்கூலர் (டேர்போக் காத்தைக் குளிராக்கிறது) பைப்பைக் கழட்டினா உள்ளுக்கு ஒயில் பூசினமாதிரி இரிக்கு, வளைவில ஒரு தேக்கரண்டி அளவு தேங்கியும் நிக்குது. நீலப் புகை இல்ல. எஞ்சின் புகையோட வாற ஒயிலைப் பிடிக்கிற கெட்ச் கேன் ஒண்டு கையில இரிக்கு, 500 மில்லி அலுமினியம், ரெண்டு வாய் உள்ளது. வால்வு கவரில இருந்து ரெண்டு ஹோஸ் போகுது: ஒண்டு பீசீவீ வால்வால (எஞ்சினுக்குள்ள சேருற புகையை ஒரு பக்கமா மட்டும் விடுற வால்வு) மெனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காத்துப் பிரியுற குழாய்), மற்றது டேர்போவுக்கு முன்னால இன்டேக் பைப்புக்கு. ரெண்டையும் டீ போட்டு ஒரே கேனுக்கு விடலாம் எண்டு கராஜில சொல்றாங்க. சரிவருமா? ஓடுறது 92 பெற்றோலில.

வாவிக்கரை:
டீ வேணாம் தம்பி. பீசீவீ வால்வு கவரிலதான் குந்தியிருக்கு, அதுக்கு அங்கால நீங்க ரெண்டு ஹோஸையும் சந்திக்க விட்டா, ஐட்லில மெனிஃபோல்ட் இன்டேக் பைப்புக் காத்தை நேரா இழுக்கும். திராட்டில் மூடியிருந்தும் காத்துப் போகும், ஐட்ல் ஏறி நிக்கும். பூஸ்ட் (டேர்போ தள்ளுற காத்தழுத்தம்) ஏறினா மறுபக்கம்: மெனிஃபோல்ட் காத்து கேனுக்குள்ளால இன்டேக் பைப்புக்கே திரும்பிப் போய், பூஸ்ட் லீக்.

உங்கட ஒயில் வாறது பிறீதரால, அதாவது இன்டேக் பைப்புக்குப் போற ஹோஸால. பூஸ்டில பீசீவீ மூடிரும், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வாற புகை முழுக்க மற்ற ஹோஸால டேர்போ வாயிக்குள்ள போகும். அந்த ஒயில் பெற்றோலோட சேர்ந்து எரிஞ்சா ஒக்டேன் இறங்கினமாதிரித்தான், 92 இல நொக் (பெற்றோல் தானா வெடிச்சுத் தட்டுறது) கெதியா வரும். ஆகவே கேனைப் பிறீதர் ஹோஸில மட்டும் பூட்டுங்க. பீசீவீ ஹோஸ் கிடந்தபடி கிடக்கட்டும்.

பூட்ட முதல் மூண்டு விசயம் பாருங்க. பீசீவீயைக் கழட்டி ஆட்டினா டிக் டிக் எண்டு கேக்கணும். எஞ்சின் பக்கத்தால ஊதினா காத்துப் போகணும், மெனிஃபோல்ட் பக்கத்தால போகக்கூடாது. போனா புதுசு மாத்துங்க, இல்லாட்டி பூஸ்ட் கிரேங்க்கேசுக்குள்ள (பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற எஞ்சின் அறை) இறங்கி, ஒயில் மட்டம் பாக்கிற டிப்ஸ்டிக்கையே தூக்கும். அடுத்தது, ஐட்லில பிறீதர் ஹோஸை நசுக்கிப் பிடிச்சுக்கொண்டு, ஒயில் ஊத்துற வாயில சொப்பின் பேக் துண்டொண்டை வைங்க. மெல்ல உள்ளுக்கு இழுபடணும். பலூன் மாதிரி வெளியால ஊதினா கேன் பூட்டி வேலையில்ல, ரிங் பக்கம் பாருங்க. மூண்டாவது கொம்ப்ரெஷன்: சூடான எஞ்சினில, நாலு பிளக்கும் கழட்டி, திராட்டிலை முழுக்கத் திறந்து அளவுங்க. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 1 பாருக்குள்ள நிக்கணும்.

கேனுக்குள்ள டோர்ச் அடிச்சும் பாருங்க. வெறுங்குடமா இருந்தா புகை ஒரு வாயால வந்து மற்ற வாயால அப்படியே போயிரும். தடுப்புத் தகடு வேணும், இல்லாட்டி தடிச்ச ஸ்டெயின்லெஸ் பாத்திரம் தேய்க்கிற சுருளை நிரப்புங்க. மெல்லிய ஸ்டீல் வூல் கூடாது, பிசிறு கழண்டு போற இடம் டேர்போ விசிறி.

அக்கரை_4ஈ:
இவ்வளவு ஏன்? கேன் மேல சின்ன ஃபில்டரைக் குத்திக் காத்துக்கு விடுங்க. கிளான்ஸாவில மெனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சர்தான், உள்ள போற காத்தை அளக்கிற மேஃப் இல்ல. டியூன் குழம்பாது.

வாவிக்கரை:
மேப் எண்டது சரி. மேஃப் உள்ள சுபாருவில இதையே செஞ்சா பீசீவீ அளக்காத காத்தை இழுத்து மிக்ஸ்சர் மெலிஞ்சிரும், கிளான்ஸாவில அந்தப் பிரச்சினை இல்ல. ஆனா இன்டேக் பைப்பின்ர உறிஞ்சல்தான் பூஸ்டில கிரேங்க்கேசைக் காலியாக்க உதவுறது, அதை ஏன் விடணும்? சிக்னலில நிக்கக்குள்ள ஒயில் மணம் ஏசியால உள்ளுக்கும் வரும். அப்படித்தான் செய்வன் எண்டா, இன்டேக் பைப்பில திறந்து கிடக்கிற வாயை மறக்காம அடைங்க. கடற்கரை ரோட்டு மணல் ஃபில்டரைத் தாண்டி நேரா டேர்போவுக்குப் போகும்.

சம்மாந்துறை_நட்:
ஹோஸில கஞ்சத்தனம் வேணாம். ஹீட்டர் ஹோஸ் ஒயில் பட்டா ஊதி இளகும், சாதா சிலிக்கன் வியர்க்கும். அறுவடை மெசினுக்கு ஹைட்ரோலிக் ஹோஸ் அழுத்துற கடையில நைட்ரைல் ஒயில் ஹோஸ் கேளுங்க, 2 மீற்றர் காணும். பழைய ஹோஸின்ர உள்விட்டத்தை வேர்ணியரால அளந்து அதே அளவு வாங்குங்க, குறையக்கூடாது. ஏஎன்6 ஃபிட்டிங் (முறுக்கிப் பூட்டுற உலோக இணைப்பு) வடிவா இருக்கும், ஆனா ஓட்டை சின்னன். கிரேங்க்கேசில அழுத்தம் ஏறினா டேர்போவில இருந்து சம்புக்கு (எஞ்சின் அடியில இருக்கிற ஒயில் தொட்டி) இறங்கிற ஒயில் இறங்காம நிண்டு, சீலைத் தாண்டிப் புகையா வரும். பிறகு நல்ல டேர்போவைத்தான் குறை சொல்லுவிங்க.

ஹோஸ் வால்வு கவரில இருந்து கேனுக்கு ஒரே சரிவா இறங்கணும். நடுவில தொங்கினா அந்தக் குழியில தண்ணியும் ஒயிலும் தேங்கி அடைக்கும். கேன் டேர்போவுக்கும் எக்ஸ்ஹோஸ்டுக்கும் தூர, காத்துப் படுற இடத்தில. குளிர்ந்தாத்தான் ஆவி படியும். பிறக்கட் இரும்பா இருந்தா உப்புக்காத்து தின்னும். ஸ்டெயின்லெஸ் போல்டை அலுமினியத்தில நேரா முறுக்கினாலும் வெள்ளைத் தூள் பூக்கும், நைலோன் வொஷர் ஒண்டு போடுங்க.

கல்லடி_டேர்போ:
நன்றி அண்ணன்மார். சொப்பின் பேக் உள்ளுக்குத்தான் இழுபடுது, பீசீவீ ரெண்டு பக்கமும் காத்து விடுது, மாத்தப்போறன். கேனை எத்தினை நாளைக்கொருக்கா வடிக்கிறது? உள்ளுக்கு வெள்ளையா வந்தா ஹெட் கஸ்கட் பழுதா?

வாவிக்கரை:
முதல் 500 கிலோமீற்றரில ஒருக்கா, பிறகு 1000 க்கு ஒருக்கா. மாரியில இன்னும் கெதியா. டவுனுக்குள்ள மட்டும் ஓடினா ஒயிலும் தண்ணியும் கலந்து மயோனிஸ் மாதிரி வரும், அது வழமை. ரேடியேட்டர் தண்ணியும் குறைஞ்சுகொண்டு வந்தாத்தான் கஸ்கட்டைச் சந்தேகிக்கிறது. அரைக் கேனைத் தாண்ட விடாதிங்க, வளைவில கார் சரியக்குள்ள அள்ளி ஒரேயடியா டேர்போவுக்குள்ள ஊத்தும். வடிச்சதைத் திருப்பி எஞ்சினுக்குள்ள விடாதிங்க, பெற்றோலும் தண்ணியும் கலந்த சாமான் அது. வாவியிலயும் ஊத்தாம, சேர்விஸ் ஸ்டேசன் கழிவு ஒயில் பீப்பாயில போடுங்க.

இன்டர்கூலரை இப்ப கழட்டிக் கழுவி, நல்லாக் காய வைச்சுப் பூட்டுங்க. பழைய ஒயில் கிடந்தா கேன் வேலை செய்யுதா இல்லையா எண்டு பிறகு கண்டுபிடிக்க ஏலாது.