4294967297-ஐ ஆய்லர் கையாலேயே உடைத்தது எப்படி?

எண்விரும்பி:
2^1 + 1, 2^2 + 1, 2^4 + 1, 2^8 + 1, 2^16 + 1, அதாவது 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள். (அடுக்கு ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும் இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர்.) இதே வரிசையில் அடுத்தது 2^32 + 1, அதாவது 4294967297. இதுவும் பகா எண்தான் என்று 1640-ல் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-ல் இன்னொரு கணித மேதை ஆய்லர் இதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டிவிட்டார். பெருக்கிப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. ஆனால் 641 அவர் கையில் எப்படிச் சிக்கியது? 2, 3, 5, 7 என்று போனால் அது 116-வது பகா எண். அத்தனையாலும் வகுத்தாரா?

காகிதமும் பென்சிலும்:
அவ்வளவு வேண்டியதில்லை. p என்ற பகா எண் இதை வகுக்கிறது என்று வையுங்கள். அப்போது 2^32-ஐ p-ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது p-இன் மடங்குக்கு ஒன்று குறைவு), அதன் வர்க்கமான 2^64-க்கு மீதி 1. அதாவது 2-இன் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலாக வருவது 64-வது அடுக்கில்தான்; பிறகு 64-இன் மடங்குகளில் மட்டுமே அது திரும்ப வரும். p−1-வது அடுக்கிலும் மீதி 1 என்கிறது ஃபெர்மாவின் சிறு தேற்றம். ஆகவே p−1 என்பது 64-இன் மடங்கு. இந்த வடிவத்தில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது, எனவே 257-ஐ விட்டுவிடலாம். நான்காவது வகுத்தலிலேயே விடை! அந்தச் சிறு தேற்றத்தையும் ஃபெர்மா அதே 1640-ல்தான் எழுதினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது.

மீதிக்காரன்:
641 வகுக்கிறது என்பதை வகுக்காமலே பார்க்கலாம். 641 = 5 × 2^7 + 1. ஆகவே 5 × 2^7-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28-க்கு மீதி 1. அப்புறம் 641 = 625 + 16, அதனால் 5^4-க்குப் பதில் −2^4 போடலாம். −2^32-க்கு மீதி 1 என்று வருகிறது. முடிந்தது.

எண்விரும்பி:
அருமை! சரி, 6700417 இதற்கு மேல் உடையாது என்று எப்படித் தெரியும்?

காகிதமும் பென்சிலும்:
எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 6700417-ஐ வகுக்கும் பகா எண் p, 4294967297-ஐயும் வகுக்கும். அப்படிப்பட்ட p-க்கு p−1 என்பது 64 மட்டுமல்ல, 128-இன் மடங்காகவே இருக்க வேண்டும் என்று பிரெஞ்சுக் கணிதர் லூகா 1878-ல் காட்டினார். 6700417-இன் வர்க்கமூலம் 2588-ஐக் கொஞ்சம் தாண்டும். அதற்குள் 128k + 1 வடிவில் இருக்கும் பகா எண்கள், 257 போக, நான்கே நான்கு: 641, 769, 1153, 1409. 6700417-ஐ இவற்றால் வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் பூஜ்ஜியம் இல்லை, ஆகவே 6700417 பகா எண். நான்கையும் நீங்களே கையால் வகுத்துப் பாருங்கள், கால்குலேட்டர் வேண்டாம்.