புதுப்பிப்பு: மகளின் சிறுநீர் வலிக்குக் காரணம் தெரிந்தது

தொடக்கநிலை இரண்டில் படிக்கும் என் மகள் அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓடுவதையும், அடிவயிற்று வலியால் அழுவதையும், பரிசோதனையில் கிருமி எதுவும் தென்படாததையும் முன்பு எழுதியிருந்தேன். பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) எங்களை அனுப்பிவைத்த சிறப்பு மருத்துவர், சிறுநீரகங்கள் நன்றாக இருப்பதையும், ஆனால் மலக்குடல் இறுகிய மலத்தால் விரிந்து, முன்னாலுள்ள சிறுநீர்ப்பையை நெருக்குவதையும் அல்ட்ராசவுண்ட் திரையிலேயே காட்டினார். தினமும் மலம் கழிக்கிறாளே என்றேன். கொஞ்சம் வெளியேறினாலும் தேங்கியது உள்ளேயே கிடக்கலாம் என்றார். பள்ளிக் கழிவறை பிடிக்காமல் அவள் அடக்கிவைத்ததே தொடக்கமாக இருக்கலாம். இப்போது மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்து கொடுக்கிறோம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, கால்களை முக்காலியில் ஊன்றி, கழிவறையில் உட்காரவைக்கிறோம். வலி வெகுவாகக் குறைந்துவிட்டது. அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓடுவது இன்னும் முழுதாக நிற்கவில்லை. காய்ச்சலோ சிறுநீரில் இரத்தமோ தெரிந்தால் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.