"தோலை உரிச்சிடுங்க சார்" என்று பெற்றோரே சொல்லியிருந்தால் ஆசிரியர் அடிக்கலாமா?

நிலாமுற்றம்:
நான்காம் வகுப்பு படிக்கும் என் மகன் திங்கள்கிழமை வீட்டுக்கு வந்தும் சாக்ஸைக் கழற்றவே இல்லை. குளிக்க வைக்கும்போதுதான் பார்த்தேன். இடது கெண்டைக்காலில் ஸ்கேல் பட்ட தடம் மூன்று, ஓரம் சிவந்து நடுவில் வெளுத்து. பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறினானாம். பள்ளியில் கேட்டால், "சேர்க்கும்போது கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்கன்னு உங்க வீட்டுக்காரர்தானே சொன்னார்" என்கிறார்கள். அவர் சொன்னது உண்மைதான். அதனால் புகார் கொடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லாமல் போய்விட்டதா?

கரும்பலகை:
முப்பத்தோரு வருடம் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். தடம் விழும்படி அடித்தது தப்பு. ஆனால் ஒரு அடிக்காகப் புகார், விசாரணை என்று போனால் நாளைக்கு எந்த ஆசிரியரும் உங்கள் பிள்ளையை ஏன் படிக்கவில்லை என்றுகூடக் கேட்க மாட்டார். அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் (ஐபிசி) 89-ஆம் பிரிவில், பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் நன்மைக்காக, பெற்றோர் சம்மதத்துடன் நல்லெண்ணத்தில் செய்தது குற்றமில்லை என்றே இருந்தது. அதற்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 27-ஆம் பிரிவாக அது இருக்கிறது.

தாமிரபரணி:
ஐயா சொல்லும் பிரிவு இருப்பது உண்மை. ஆனால் அது கிரிமினல் வழக்கில் ஒருவர் தன்னைக் காத்துக்கொள்ள எடுத்து வைக்கும் வாதம். அடிப்பதற்கான லைசென்ஸ் இல்லை. பள்ளிக்கென்று தனியாக 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. உடல் தண்டனையும் கூடாது, மன உளைச்சல் தருவதும் கூடாது என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. "பெற்றோர் சம்மதித்தால் தவிர" என்ற வார்த்தை அதில் எங்கும் கிடையாது. அக்கா, உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை. தைரியமாக எழுதிக் கொடுங்கள்.

அந்தச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைதான். அதற்காகப் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளை அடிக்கலாம் என்றில்லை. தமிழ்நாடு கல்வி விதிகளில் 2003-லேயே இதற்குத் தடை வந்துவிட்டது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது.

கரும்பலகை:
சரி தம்பி, வீட்டில் பெல்ட்டை எடுக்கும் அப்பாவை எந்தச் சட்டம் கேட்கிறது? ஆசிரியர் மட்டும்தான் குற்றவாளியா?

தாமிரபரணி:
நியாயமான கேள்வி. கல்வி உரிமைச் சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடும். ஆனால் 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தாக்கித் தேவையில்லாத வேதனை தந்தால் மூன்று வருடம் வரை சிறை என்கிறது. அப்பா அம்மாவுக்கும் அது பொருந்தும். அங்கே குழந்தை என்றால் பதினெட்டு வயது நிரம்பாதவர்.

அதற்காக எல்லாம் போலீஸ் கேஸ் ஆகிவிடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை மீறியவர் மேல் முதலில் வருவது துறை ஒழுங்கு நடவடிக்கைதான். அக்கா, முதலில் பையனின் காலில் உள்ள தடத்தைத் தேதியோடு போட்டோ எடுங்கள், டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். பிறகு தலைமையாசிரியருக்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அதே சட்டத்தின் 32-ஆம் பிரிவுப்படி மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். பள்ளி சம்பந்தப்பட்டதற்கு 14417, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098 எண்ணுக்குப் போன் செய்யலாம். பையனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திரும்பத் திரும்ப விசாரிக்க மட்டும் விடாதீர்கள்.

மல்லிப்பந்தல்:
என் பெண்ணை அடிக்கவில்லை. "மக்கு" என்று ஒரு வருடம் கூப்பிட்டார்கள். இன்றைக்கும் கடையில் மீதிச் சில்லறையை எண்ணச் சொன்னால் என் கையில் கொடுத்துவிடுவாள். மன உளைச்சலும் அதே பிரிவில் வருகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கரும்பலகை:
அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நானும் அந்த வார்த்தையைச் சொன்னவன்தான். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பை அடியில்லாமல் நடத்த எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்பதில் மட்டும் நான் மாறவில்லை. நிலாமுற்றம், புகாரைக் கொடுங்கள். அந்த ஆசிரியருக்குப் பயிற்சி தரவும் அதிலேயே கேளுங்கள்.

நிலாமுற்றம்:
எழுதிவிட்டேன் ஐயா, பயிற்சி பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். என் கணவர் வாங்கிப் படித்துவிட்டு, கீழே தன் கையால் எழுதினார்: "சேர்க்கையின்போது நான் சொன்ன வார்த்தையை இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன்." நாளைக் காலை இருவருமாகப் போய்க் கொடுக்கப் போகிறோம்.