ஆர்.ஓ. சவ்வு அடைப்பு: ஸ்கோபஸ் போதுமா, காம்பெண்டெக்ஸும் வேண்டுமா?

வணக்கம். நெம்மேலி, மீஞ்சூர் போன்ற கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் ஆர்.ஓ. (ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ், எதிர்ச் சவ்வூடுபரவல்) சவ்வுகளில் உயிரிப்படலம் (நுண்ணுயிர்ப் படலம்) படிவது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளையும் காப்புரிமைகளையும் தேடுகிறோம்.

ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் 'ஃபவுலிங்' (படிவு, அடைப்பு) என்று மட்டும் போட்டால் கப்பல் அடிப்பாகத்தில் ஒட்டும் சிப்பிகளும் வந்து குவியும். தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் மூன்றிலும் 'ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்' சேர்த்தால்தான் வடிகிறது. கூகுள் ஸ்காலர் முதல் 1000 முடிவுகளுக்கு மேல் காட்டாது. அதனால் மேற்கோள்களைப் பின்தொடர மட்டுமே அது. காப்புரிமைக்கு எஸ்பாசெனெட் என்ற தேடல் தளம், சவ்வு அடைப்பைத் தடுப்பதற்கான வகைப்பாடு பி01டி 65/08. இது அருமையாக வேலை செய்கிறது.

சந்தேகம் காம்பெண்டெக்ஸ் என்ற பொறியியல் கட்டுரைத் தரவுத்தளத்தில்தான். அதன் கட்டுப்படுத்திய சொற்பட்டியலால் (கட்டுரைகளுக்கு இடப்படும் நிலையான பொருட்சொற்கள்) ஸ்கோபஸில் சிக்காத மாநாட்டுக் கட்டுரைகள் கிடைக்குமா? ஒரே தேடலை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். சென்னையில் வெளியாட்கள் நேரில் போய் காம்பெண்டெக்ஸைப் பயன்படுத்த எந்த நூலகம் அனுமதிக்கிறது? கட்டணம், கடிதம் ஏதும் வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேருதவி.