இல்லஸ்ட்ரேட்டர் ஸ்கிரிப்ட்: குரூப்புக்குள் ஸ்ட்ரோக் மாறவில்லை, மாறிய இடத்தில் தடிமன் தப்பாக வருகிறது

கேள்வி (வெட்டுக்கோடு)

இல்லஸ்ட்ரேட்டரில் (அடோபியின் வரைகலை மென்பொருள்) செய்த பெட்டி டிசைன் ஃபைல்களில் வெட்டுக்கோடு (அட்டையை எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் கோடு) எல்லாவற்றையும் 0.25 மி.மீ. தடிமனில் 100% மெஜந்தாவாக மாற்ற ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஸ்கிரிப்ட். செலக்‌ஷனில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஸ்ட்ரோக்கலரும் ஸ்ட்ரோக்வித்தும் (கோட்டின் நிறம், தடிமன்) கொடுக்கிறேன். தனிப் பாத்கள் (வரைந்த வடிவங்கள்) மாறுகின்றன, குரூப்புக்குள் இருப்பவை அசையவில்லை. மாறியவையும் மயிரிழை மாதிரி மெலிசு. செபரேஷன் (ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பிரித்த அச்சுத் தகடு) பார்த்தால் மெஜந்தாவோடு சயான் தகட்டிலும் கோடு வருகிறது. நிறத்தை ஆர்ஜிபியில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலம்) 255, 0, 255 என்று கொடுத்திருக்கிறேன்.

பதில் 1 (நோடுபிடி)

குரூப்புக்கு என்று ஸ்ட்ரோக் கிடையாது, உள்ளே இருக்கும் பாத்துக்குத்தான் உண்டு. செலக்‌ஷன் குரூப்பை ஒரே பொருளாகத்தான் கையில் கொடுக்கும். ஆகவே தன்னையே கூப்பிடும் ஒரு ஃபங்ஷன் வேண்டும்: டைப்நேம் பாருங்கள், குரூப்ஐட்டம் என்றால் அதன் பேஜ்ஐட்டம்ஸ் ஒவ்வொன்றையும் அதே ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள், பாத்ஐட்டம் என்றால் வேலையை முடியுங்கள்.

காம்பவுண்ட் பாத்தில் (பல பாத்கள் சேர்ந்த ஒரே வடிவம்) எல்லோரும் வழுக்குவார்கள். ஓட்டை உள்ள வடிவங்கள் பெரும்பாலும் அதுதான். அதற்கும் நேரடி ஸ்ட்ரோக் இல்லை. உள்ளே முதல் பாத்ஐட்டத்துக்கு, அதாவது 0-வது, கொடுத்தால் போதும், மற்றவை தானாக ஏற்கும்.

ஸ்ட்ரோக்டு என்பதை முதலில் ட்ரூ ஆக்கிவிட்டு நிறம், தடிமன் கொடுங்கள். பழைய புள்ளிக்கோடு இருந்தால் அது ஒட்டிக்கொண்டே இருக்கும், ஸ்ட்ரோக்டாஷஸுக்குக் காலி அர்ரே கொடுத்து அழியுங்கள். லாக் ஆன லேயரில் கை வைத்தால் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடும். எடிட்டபிள் ட்ரூவா என்று பார்த்து, இல்லையென்றால் தாண்டிப் போகட்டும். கிளிப்பிங் ட்ரூ ஆன மாஸ்க் பாத்தையும் (தனக்கு வெளியே உள்ளதை மறைக்கும் வடிவம்) விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மாஸ்க்கைச் சுற்றிக் கோடு முளைக்கும்.

பதில் 2 (தகடு)

மெலிசுக்குக் காரணம் அலகு. ரூலர் மி.மீ.-யில் இருந்தாலும் ஸ்ட்ரோக்வித்த் பாயின்ட்டில்தான் வாங்கும். நீங்கள் கொடுத்த 0.25 என்பது 0.25 பாயின்ட், சுமார் 0.088 மி.மீ. ஒரு மி.மீ. 2.834645 பாயின்ட், ஆக உங்களுக்கு வேண்டியது 0.709.

நிறம்: ஃபைல் சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மைகள்: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு), கொடுத்தது ஆர்ஜிபி. அதை மாற்றும்போது சயான் கலந்துவிடுகிறது. சிஎம்ஒய்கேகலர் ஒன்றை உருவாக்கி மெஜந்தா 100, மற்ற மூன்றும் 0 என்று கொடுங்கள். இதில் அளவு 0 முதல் 100 வரை, 255 இல்லை.

ஆனால் வெட்டுக்கோட்டுக்கு மெஜந்தாவே தப்பான தேர்வு என்பேன். படத்தில் உள்ள மெஜந்தாவோடு அதே தகட்டில் கோடும் அச்சாகிவிடும். ஸ்பாட் நிறம் (தனித் தகட்டில் வரும் தனி நிறம்) போடுங்கள்: டாக்குமென்ட்டின் ஸ்பாட்ஸில் பெயரைத் தேடி, இல்லாவிட்டால் ஆட் செய்து, ஸ்பாட்கலரில் டின்ட் 100. பெயர் இல்லாதபோது கெட்பைநேம் பிழை வீசும், ட்ரை-கேட்சுக்குள் வையுங்கள். ஸ்ட்ரோக்ஓவர்பிரின்ட்டையும் (அடியில் உள்ளதன் மேலேயே கோட்டை அச்சிடுவது) ட்ரூ ஆக்குங்கள். இல்லையென்றால் கோட்டுக்கு அடியில் உள்ள படம் அந்த அகலத்துக்கு வெள்ளையாக வெட்டுப்படும்.

கேட்டவர் (வெட்டுக்கோடு)

குரூப், தடிமன், நிறம் மூன்றும் சரியாகிவிட்டன. இன்னும் இரண்டு: சில வடிவங்களுக்கு ஸ்ட்ரோக் உள்பக்கமாக இருக்க வேண்டும், அதற்கான பிராப்பர்ட்டி கிடைக்கவில்லை. எழுத்துக்கும் கோடு மாறவில்லை.

பதில் 3 (நோடுபிடி)

தேடாதீர்கள், உள்பக்கம்-வெளிப்பக்கம் சீரமைப்பை இல்லஸ்ட்ரேட்டர் ஸ்கிரிப்டுக்குத் திறந்து வைக்கவில்லை. இன்டிசைனில் ஸ்ட்ரோக்அலைன்மென்ட் உண்டு, அதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் இங்கே தேடுகிறார்கள். சுற்றுவழி: ஒரு வடிவத்துக்குக் கையால் உள்பக்க ஸ்ட்ரோக் போட்டு கிராஃபிக் ஸ்டைலாகச் சேமியுங்கள். ஸ்கிரிப்டில் அந்த ஸ்டைலைப் பெயரால் எடுத்து அப்ளைடூ கொடுங்கள். இது ஃபில்லையும் (வடிவத்தின் உள்நிறம்) சேர்த்து மாற்றிவிடும் என்பதை மறக்காதீர்கள். ஃபில் ஏதும் இல்லாத வெட்டுக்கோட்டுக்கு அது பிரச்சினை இல்லை.

எழுத்துக்கு டெக்ஸ்ட்ஃப்ரேமின் டெக்ஸ்ட்ரேஞ்ச், அதற்குள் கேரக்டர்ஆட்ரிப்யூட்ஸ். இங்கே தடிமனின் பெயர் ஸ்ட்ரோக்வித்த் இல்லை, ஸ்ட்ரோக்வெயிட். ஏன் இரண்டு பெயர் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். கோட்டை எடுத்துவிட வேண்டுமானால் ஸ்ட்ரோக்கலருக்கு நோகலர்.

பதில் 4 (தகடு)

வடிவங்களைச் சுருக்கவும் செய்கிறீர்கள் என்றால் ரீசைஸை முதலில் ஓட்டி, தடிமனைக் கடைசியில் கொடுங்கள். ரீசைஸின் ஏழாவது இடத்தில் கோட்டுத் தடிமனுக்கான சதவீதம் இருக்கிறது. அங்கே 50 போனால் உங்கள் 0.709 பாதியாகிவிடும்.